கணப்பும் சதுப்பும்

2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீடுகள் குளிருக்கு எரித்தது தங்கள் ஊர் மண்ணைத்தான். வெட்டியெடுத்து, கோடையில் காயவைத்து, வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அடுக்கிவைத்த மண். அதன் பெயர் பீட். நீர் தேங்கிய இடத்தில் மடிந்த பாசியும் நாணலும் காற்றுப் படாததால் மக்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது. நிலக்கரியாக மாறும் பாதையில் முதல் படியிலேயே நின்றுவிட்ட பொருள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அது நல்ல வளர்ச்சி. சில இடங்களில் பத்து மீட்டர் ஆழம்வரை இருக்கிறது என்றால், பனியுகம் முடிந்ததிலிருந்து இன்றுவரை சேர்ந்தது என்று பொருள்.

அயர்லாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு பீட் நிலம். அந்நாட்டு மண் தன்னுள் வைத்திருக்கும் கரிமத்தில் முக்கால் பங்கு அந்த ஐந்தில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. உலக அளவிலும் கதை இதுவே: நிலப்பரப்பில் மூன்று விழுக்காடுதான் பீட். ஆனால் உலகின் காடுகள் எல்லாம் சேர்ந்து மரமாகவும் இலையாகவும் வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அதற்குள் இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அது பூட்டிய பெட்டகம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன, பீட் கரியமில வாயுவாகக் கரைந்து போகிறது. யாரும் தீ வைக்கத் தேவையில்லை.

ஆகவே அயர்லாந்தின் நடு மாவட்டங்களில் பீட் இரண்டு வழிகளில் வளிமண்டலத்துக்குப் போகிறது. வெட்டியது வீட்டுப் புகைபோக்கி வழியே போகிறது. வெட்டுவதற்காக வடித்த நிலத்தில் எஞ்சியிருப்பது, தீயே இல்லாமல், ஆண்டு முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது. வீடும் சதுப்பும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அரசு இரண்டையும் வெவ்வேறு பேரேடுகளில் எழுதியது: வீட்டுக்கு ஒரு துறை, சதுப்புக்கு ஒரு துறை, வேலை இழந்தவருக்கு இன்னொரு துறை. கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்தப் பிரிவினையிலிருந்தே கிளம்பியவை.

முதலில் உரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். சதுப்பில் ஒரு குறிப்பிட்ட கரையில் பீட் வெட்டிக்கொள்ளும் உரிமைக்கு அங்கே டர்பரி என்று பெயர். நிலம் வேறொருவருடையதாக இருக்கலாம். வெட்டும் உரிமை இந்த வீட்டினுடையது. நிலக்கிழார் காலத்தில் குடியானவன் அனுபவித்த உரிமை அது. பின்னர் நிலச் சீர்திருத்தங்களில் பண்ணைகள் கைமாறியபோது அதுவும் பட்டாவோடு வந்தது. தலைமுறை தலைமுறையாக இறங்கியது. ஸ்லான் என்னும் ஒருபக்க இறக்கை வைத்த மண்வெட்டியால் அப்பா வெட்ட, பிள்ளைகள் ஈரக் கட்டிகளை நாலைந்தாகச் சாய்த்து நிறுத்திக் காயவிடுவார்கள். முதுகொடிக்கும் வேலை. பெரியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகள் அதை நினைத்து ஏங்குவதைக் கேட்டால், வேலை அவ்வளவு கடினம் இல்லையோ என்றுகூடத் தோன்றும். இன்றைக்கு ஒப்பந்தக்காரரின் எந்திரம் வந்து கட்டிகளை நீள நீளமாகப் பிதுக்கிப் போட்டுவிட்டுப் போகிறது. குடும்பம் போய்த் திருப்பிப் போட்டு அள்ளி வருகிறது. சில நூறு யூரோவில் ஓராண்டுக் குளிர் கழிந்துவிடும். இந்த மலிவை மறந்துவிட்டு எழுதும் எந்தக் காலநிலைத் திட்டமும் அங்கே எடுபடாது.

இந்தக் குடும்ப வேலையை நாட்டின் தொழிலாக மாற்றியது அரசு. சுதந்திரம் பெற்ற அயர்லாந்துக்கு நிலக்கரி இல்லாத குறை. இங்கிலாந்திலிருந்து வாங்க வேண்டியிருந்த அவமானம் வேறு. 1934இல் பீட் மேம்பாட்டு வாரியம் தொடங்கியது. அதை நடத்திய டாட் ஆண்ட்ரூஸ் அடுத்த ஆண்டே ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போய் எந்திரங்களைப் பார்த்து வந்தார். 1946இல் அது போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனமாயிற்று. சதுப்புகளின் குறுக்கே வாய்க்கால்கள், குறுகிய ரயில் பாதைகள், மேற்பரப்பைப் பொடியாக உழுது வாரும் எந்திரங்கள், நடுவில் மின் நிலையங்கள் என்று வேலை விரிந்தது. தொழிலாளர்களுக்கு வீடும் கட்டிக்கொடுத்தார்கள். ஃபிராங்க் கிப்னி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்தக் குடியிருப்புகள் கில்கார்மக், ரோச்ஃபர்ட்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் இன்றும் இருக்கின்றன. நடுவே புல்திடல், சுற்றி வளைந்த வரிசைகளில் வீடுகள். மேற்குக் கரையிலிருந்தும் ஏழ்மையான கிராமங்களிலிருந்தும் வந்த ஆட்களுக்கு ஆண்டு முழுதும் சம்பளம் கிடைத்தது. பீட் அந்த வட்டாரத்துக்குக் கூலியும் கூரையும் கணப்பும் ஆயிற்று. காலநிலை பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்னால் இந்த நன்றியுணர்வு அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அது நியாயமானதும்கூட.

எரிபொருளாகப் பார்த்தால் பீட் மோசமான சரக்கு. ஒரே அளவு வெப்பத்துக்கு இயற்கை எரிவாயுவைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு கரியமில வாயுவைக் கக்குகிறது, நிலக்கரியையே மிஞ்சுகிறது. அப்படியிருந்தும் பீட் மின்சாரத்துக்கு மின் கட்டணத்தில் தனி வரி வைத்து மானியம் கொடுத்தார்கள். ஷானன்பிரிட்ஜிலும் லேன்ஸ்பரோவிலும் இருந்த நிலையங்கள் இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டப்பட்டவை என்பது இப்போது நம்பக் கடினம்.

முடிவு வந்தபோது வேகமாக வந்தது. 2018 அக்டோபரில் போர்ட் நா மோனா 17 சதுப்புகளில் வெட்டுவதை உடனே நிறுத்துவதாகவும் மீதியைச் சில ஆண்டுகளில் மூடுவதாகவும் அறிவித்தது. 2019 ஜூலையில் ஷானன்பிரிட்ஜ் நிலையத்தை மரத்துண்டுகளுக்கு மாற்றும் விண்ணப்பத்தைத் திட்ட அனுமதி வாரியம் நிராகரித்தது. செப்டம்பரில் பெரிய அளவில் பீட் எடுப்பவர்களுக்கு அனுமதி விலக்கு அளித்த விதிகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் இரண்டு நிலையங்களும் நின்றன. 2021 ஜனவரியில் நிறுவனம் தன் நிலங்களில் பீட் எடுப்பதை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. 2030ஐ இலக்காக வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஊர்களுக்குப் பத்தாண்டு அவகாசம் இரண்டாண்டாகச் சுருங்கியது. நிலையங்களை மூடவைத்ததில் காலநிலைக் கொள்கைக்கு இருந்த பங்கைவிட நீதிமன்றத்துக்கும் திட்ட அனுமதிக்கும் இருந்த பங்கு அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திட்டமிட்டு மூடியிருந்தால் வீடுகளை முதலில் தயார் செய்திருக்கலாம்.

பின்னால் வந்த பணம் சிறிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீட்பு நிதியிலிருந்து 108 மில்லியன் யூரோ; அதைக்கொண்டு போர்ட் நா மோனாவின் 80,000 ஹெக்டேரில் 33,000 ஹெக்டேரை மறுபடி நனைப்பது என்று திட்டம். நனைப்பது என்றால் குழாய் போட்டு நீர் விடுவது இல்லை. அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சம் கிடையாது; வெளியேற விடாமல் பிடித்துவைத்தால் போதும். முன்பு வாய்க்கால் வெட்டிய ஆட்களே, அதே எந்திரங்களின் வாரிசுகளை ஓட்டி, வாய்க்கால்களைப் பீட் கொண்டு அடைக்கிறார்கள். சரிவுகளில் தாழ்வான கரை கட்டுகிறார்கள். மேற்பரப்பைச் சிறு பாத்திகளாகப் பிரித்து நீர் சமமாக நிற்கச் செய்கிறார்கள். வேலை இழந்த ஓட்டுநர்களுக்குச் சில ஆண்டுச் சம்பளம் இதில் கிடைத்தது. இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான்.

எவ்வளவு பயன்? 2021இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு கைக்கடக்கமான ஒரு கணக்கைக் கொடுத்தது. வடித்த பீட் நிலத்தில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெளியீடு குறையும். மேற்பரப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு அருகே வரும்வரை இந்தக் கணக்கு செல்லும். அதற்கு மேலே மீத்தேன் குறுக்கிடுகிறது: நீர் நிரம்பிய மண்ணில் வேறு வகை நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கும். இதைக் காட்டி நனைப்பதே வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றில் சிதைந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். இருபதாண்டுக் கண்ணாடியில் நனைப்பது சுமாராகத் தெரியலாம், நூறாண்டுக் கண்ணாடியில் சந்தேகமே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நனைத்த சதுப்பு உடனே கரிமத்தைச் சேமிக்கத் தொடங்காது. இழப்பு நிற்கும், அவ்வளவுதான். ஸ்பேக்னம் என்ற பாசி மீண்டும் பாய் விரித்தால்தான் பெட்டகம் வளரும். அடிமட்டம்வரை சுரண்டிய தொழிற்சாலைச் சதுப்புகளில் பல இடங்களில் அந்தப் பாசிக்கான சூழலே எஞ்சவில்லை. அங்கே நாணலும் பிர்ச் மரமும்தான் வரும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் ஒரே பச்சை.

பாசி திரும்ப வந்த இடத்தைப் பார்க்க லீஷ் மாவட்டத்து ஆபிலீக்ஸுக்குப் போக வேண்டும். ஊரை ஒட்டி சுமார் 500 ஏக்கர் சதுப்பு. போர்ட் நா மோனா 1980களில் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு கோடையில் வெட்டத் தொடங்க எந்திரங்களைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்கள் வழிமறித்தார்கள். காலநிலை மாற்றம் அன்று அவர்கள் வாயில் இல்லை. தங்கள் ஊர்க் கொல்லையில் தூசிப் பாலைவனம் வேண்டாம் என்பதுதான் பேச்சு. சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யாமல் தொடங்குகிறீர்கள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. 2009இல் அந்த நிறுவனமே வாய்க்கால்களில் ஆயிரக்கணக்கான பீட் தடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. பின்னர் 50 ஆண்டுக் குத்தகையில் சதுப்பு ஊர்ச் சமூகத்தின் கைக்கு வந்தது. இன்று மரப்பலகை நடைபாதையும் தன்னார்வலர் குழுவும் நீர்மட்டக் குழாய்களும் உண்டு. உயிருள்ள சதுப்பின் பரப்பு, தடுப்புக் கட்டியபோது இருந்ததைவிடப் பல மடங்காகியிருக்கிறது. பெருந்திட்டங்கள் காகிதத்தில் ஹெக்டேர் எண்ணும்போது, தினமும் நடந்துபோகும் மனிதர்கள் தடுப்பு கசிகிறதா என்று பார்க்கிறார்கள். தடுப்புகள் கசியும், மண்ணும் சரியும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பிய நிதி முடிந்ததும் மற்ற சதுப்புகளில் இதை யார் செய்வார் என்ற கேள்விக்கு ஆபிலீக்ஸ் ஒரு பாதி விடை.

பாதிதான். ஆபிலீக்ஸ் சதுப்பு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. பேச ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலான சிறு சதுப்புகளில் ஐம்பது, நூறு டர்பரி உரிமையாளர்கள். ஒருவர் தன் கரையில் வாய்க்காலை அடைத்தால் பக்கத்துக் கரையும் பின்னாலுள்ள மேய்ச்சல் நிலமும் நனையும். ஆஃபலியின் கிளாரா சதுப்பில், சுற்றுப்புறத்தில் வெட்டியதாலும் நடுவே சாலைக்காக நீரை வடித்ததாலும் பாதுகாக்கப்பட்ட நடுப்பகுதியே சில மீட்டர் அமிழ்ந்தது. சதுப்புக்குள் வேலி போட்டுப் பங்கு பிரிக்க முடியாது. நீர் ஒன்றுதான்.

ஐரோப்பிய இயற்கைச் சட்டத்தின்படி 53 மேட்டுச் சதுப்புகள் அயர்லாந்தில் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகள். அங்கே வீட்டுக்கு வெட்டுவதும் நிற்க வேண்டும் என்று சுமார் 2011இல் அரசு உறுதியாகச் சொன்னபோது சதுப்போரங்களில் காவல்துறைக்கும் வெட்டுபவர்களுக்கும் நேருக்கு நேர் மோதல் நடந்தது. வெட்டுபவர்களின் சங்கத் தலைவர்களில் ஒருவரான லூக் ஃபிளனகன் நாடாளுமன்றத்துக்கும் பின்னர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனார். சமாதானத்துக்கு அரசு ஓர் ஈடு வைத்தது: உரிமையை விடுபவருக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ, 15 ஆண்டுகளுக்கு. வேறு சதுப்பில் இடம் கேட்பவருக்கு இடம் தயாராகும்வரை ஆண்டுக்கு 15 டன் காய்ந்த பீட், வீட்டு வாசலில்.

இந்த 15 டன்னில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு டன் காய்ந்த பீட்டில் சுமார் 13 கிகாஜூல் வெப்பம். 15 டன்னில் 195 கிகாஜூல், அதாவது நம் மின் மீட்டர்க் கணக்கில் ஏறத்தாழ 54,000 யூனிட். முழுதும் எரிந்தால் கிளம்பும் கரியமில வாயு 20 டன். ஆனால் திறந்த கணப்பில் எரியும் வெப்பத்தில் முப்பது விழுக்காடு அறைக்குள் தங்கினால் பெரிது; மீதி புகைபோக்கி வழியே வானத்தைச் சூடாக்குகிறது. வீட்டுக்குக் கிடைப்பது 16,000 யூனிட் வெப்பம். அதே வெப்பத்தை ஒரு ஹீட் பம்ப், வெளிக்காற்றிலிருந்து உறிஞ்சி, மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் கொடுத்துவிடும்: சுமார் 5,400 யூனிட். அயர்லாந்தின் மின்சாரம் 2023இல் யூனிட்டுக்குக் கால் கிலோ அளவில் கரியமில வாயு வெளியிட்டது. மொத்தம் ஒன்றரை டன்னுக்கும் கீழே. 20 டன் எங்கே, ஒன்றரை டன் எங்கே! ஒரு வீட்டில் மிச்சமாகும் இந்தப் பதினெட்டுச் சொச்சம் டன், சதுப்பில் இரண்டு ஹெக்டேரின் நீர்மட்டத்தை முப்பது சென்டிமீட்டர் உயர்த்துவதற்குச் சமம். அந்த வீடு வெட்டாமல் விட்ட கரையில் நீர் நின்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையும் சரி, மின் கட்டணம்? அண்மை ஆண்டுகளில் அங்கே வீட்டு மின்சாரம் யூனிட் 30 சென்ட்டுக்கு மேல். 5,400 யூனிட்டுக்கு 1,600 யூரோவுக்குக் குறையாது. பீட் வெட்ட ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பதோ சில நூறு. கரிமத்தில் பத்து மடங்குக்கு மேல் லாபம், காசில் நட்டம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு விதவைத் தாயிடம் போய் எந்த அமைச்சரும் இந்தக் கணக்கைச் சொல்லி ஜெயிக்க முடியாது. கணக்கு மாற ஒரே வழி, வீட்டுக்கு வேண்டிய வெப்பத்தையே பாதியாக்குவது: பரணில் கனமான வெப்பக்காப்பு, சுவரின் இடைவெளியை நிரப்புதல் அல்லது வெளிப்பூச்சுக் காப்பு, இரட்டைக் கண்ணாடிச் சாளரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் புகைபோக்கியை அடைப்பது. அப்போது 16,000 யூனிட் 8,000 ஆகும். மின்சாரம் 2,700 யூனிட்டில் முடியும். கட்டணம் பீட் செலவை நெருங்கும். முதலில் காப்பு, பிறகு பம்ப். ஹீட் பம்ப்புக்கு மானியம் தரும் அயர்லாந்தின் எரிசக்தி ஆணையமும் வீடு வெப்பத்தை எவ்வளவு கசியவிடுகிறது என்று அளந்து, ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் கொடுக்கிறது. விதி சரி, ஆனால் சதுப்போரப் பழைய வீடுகள் பலவும் அந்த வரம்புக்கு வெளியே.

2022 பிப்ரவரியில் அரசு அறிவித்த வீட்டுச் சீரமைப்புத் திட்டம் துணிச்சலானது: 2030க்குள் 5 லட்சம் வீடுகளை எரிசக்திச் சான்றில் பி2 தரத்துக்கு உயர்த்துவது, 4 லட்சம் ஹீட் பம்ப்புகள். முழுச் சீரமைப்புச் செலவில் பாதிவரை மானியம். பரண் காப்புக்கும் சுவர் இடைவெளியை நிரப்புவதற்கும் எண்பது விழுக்காடு. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு முழுதும் இலவசம். பணம் ஆண்டுதோறும் ஏறும் கரிம வரியிலிருந்து வருகிறது. 2010இல் டன்னுக்கு 15 யூரோவில் தொடங்கிய வரி 2030இல் 100 யூரோவைத் தொடும் என்று சட்டமே இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், முழுச் சீரமைப்பு ஐம்பதாயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பாதி மானியம் என்பது மீதிப் பாதியைக் கையில் வைத்திருப்பவருக்கான மானியம். டப்ளின் புறநகரில் வாழும் இரட்டைச் சம்பளக் குடும்பம் அதை உடனே பிடித்துக்கொண்டது. இலவசத் திட்டத்துக்கு விண்ணப்பித்த ஏழை வீடுகள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் காத்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், கொஞ்சம் நிலமும் ஒரு டர்பரிக் கரையும் ஒரு பழைய வீடும் வைத்திருப்பவர், எந்தக் கதவுக்கும் பொருந்தவில்லை.

உள்ளூர் அமைப்புகள் இந்த இடத்தில்தான் மையத்தைவிட நன்றாக வேலை செய்தன. டிப்பரரி எரிசக்தி முகமை என்ற மாவட்ட அளவிலான சிறிய அமைப்பு, தேசியத் திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சூப்பர்ஹோம்ஸ் என்ற பெயரில் பழைய வீடுகளை ஹீட் பம்ப்புக்குத் தயார் செய்யத் தொடங்கியது. வீட்டுக்காரரின் தலைவலி மூன்று: எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாது, ஐந்து விதக் கைவேலைக்காரர்களை ஒன்றாகப் பிடிக்க முடியாது, மானியப் படிவம் புரியாது. மூன்றையும் ஒரே ஆளின் பொறுப்பாக்கியது அந்த முகமை. பிறகு அரசு நாடு முழுதும் கொண்டுவந்த ‘ஒரே இடத்தில் எல்லாம்’ முறைக்கு அதுவே ஒரு முன்மாதிரி. அதே மாவட்டத்து டெம்பிள்டெரியில் ஊர்க்காரர்கள் கூடி அமைத்த, நாட்டின் முதல் சமூக உடைமைக் காற்றாலைகள் 2012இல் சுழலத் தொடங்கின. அப்பர்சர்ச், டிரம்பேன் பக்கத்துக் குழுக்கள் பக்கத்து வீடுகளை ஒரு கட்டாகச் சேர்த்து விண்ணப்பித்துக் காப்புப் போட்டுக்கொண்டன. தெரிந்த முகம் கதவைத் தட்டினால் கிழவர் திறப்பார். டப்ளின் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்க மாட்டார். இதில் தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

இதற்கு நேரெதிரானது 2022 ஏப்ரலில் நடந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஏமன் ரயன் புகை மிகுந்த எரிபொருள்களைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தார். காரணம் வலுவானது: நுண்துகள் மாசால் அயர்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,300 பேர் அகாலமாக இறக்கிறார்கள் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் அன்றைய மதிப்பீடு, சிற்றூர்களில் அதன் பெரும்பங்கு வீட்டுக் கணப்பிலிருந்து வருகிறது. ஆனால் முதல் வரைவு, பக்கத்து வீட்டுக்கு ஒரு மூட்டை பீட் கொடுப்பதையே குற்றமாக்குவதுபோல் ஒலித்தது. உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறிய அதே மாதம். கூட்டணிக் கட்சிகளின் கிராமத்து உறுப்பினர்களே கொதித்தெழுந்தார்கள். அக்டோபர் 31இல் நடைமுறைக்கு வந்த விதி கடைகளிலும் இணையத்திலும் விளம்பரம் வழியும் பீட் விற்பதைத் தடுத்தது. டர்பரி உரிமையாளர் எரிப்பதையும் அண்டை அயலாருக்குக் கொடுப்பதையும் விட்டுவிட்டது. வாதத்தில் ரயன் பக்கம்தான் உண்மை இருந்தது. வரிசைமுறை தலைகீழாக இருந்தது. மாற்று வெப்பம் வீட்டுக்குள் வரும் முன்பே அடுப்பில் கை வைத்தார்கள்.

தவறான இடத்தில் நல்ல காரியம் செய்வதும் உண்டு. கால்வே மாவட்டத்தின் டெரிப்ரையன் மலையில் காற்றாலை கட்டும்போது 2003இல் பீட் சரிந்து லட்சக்கணக்கான கன மீட்டர் சேறு ஆற்றில் இறங்கி மீன்களைக் கொன்றது. முறையான சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யாததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் 50 லட்சம் யூரோ தண்டமும் நாளுக்கு 15,000 யூரோவும் விதித்தது. கடைசியில் அந்தக் காற்றாலையே மூடப்பட்டது.

தோட்டக்கலைக்கான பீட் விஷயத்தில் கூத்து வேறு வகை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு காளான் பண்ணைகளுக்கும் நாற்றங்கால்களுக்கும் உள்நாட்டுப் பீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2021 செப்டம்பரில் லாட்வியாவிலிருந்து 3,600 டன் பீட் கப்பலில் ட்ராஹடா துறைமுகத்தில் வந்திறங்கியது. அயர்லாந்தின் சதுப்பு பிழைத்தது, லாட்வியாவின் சதுப்பு போயிற்று. இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி பொள்ளாச்சியிலும் இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பீட்டுக்கு மாற்றாகத் தேடுவதில் முதன்மையானது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி வட்டாரத்துக் களங்களில் அது உப்பு நீங்க நல்ல தண்ணீரில் அலசப்பட்டு, காய்ந்து, கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. அலசிய நீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்று அங்குள்ள விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். அயர்லாந்தின் கரிமப் பேரேட்டில் இந்தக் கிணறுகளுக்குப் பத்தி கிடையாது.

மேய்ச்சல் நிலமாக மாறிய பீட் இன்னொரு பெரிய அத்தியாயம். வடித்த பீட் புல்வெளி 335,000 ஹெக்டேர் என்று வைத்துத்தான் தேசியக் கணக்கு நெடுங்காலம் எழுதப்பட்டது. பழைய வாய்க்கால்கள் பல தூர்ந்து நிலம் தானாகவே ஈரமாகிவிட்டதால், உண்மையில் வடிந்த பரப்பு அதைவிட வெகு குறைவு என்று அண்மைய மறுமதிப்பீடுகள் காட்டின. காகிதத்தில் வெளியீடு குறைந்தது. வானத்துக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. விவசாயச் சங்கங்கள் இதை வெற்றியாகக் கொண்டாடியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இதன் மறுபக்கம் கூர்மையானது: உண்மையாகவே வடிந்திருக்கும் ஹெக்டேர்கள் எவை என்று இப்போது கைகாட்டிச் சொல்லக் கூடியதாகிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய இயற்கை மீட்புச் சட்டம் கைவைக்கப் போவது அவற்றில்தான். சட்டப்படி விவசாயியின் நிலத்தை நனைப்பது அவரவர் விருப்பம். அதற்கு என்ன விலை கொடுப்பது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.

2024 மார்ச்சில், பாதுகாக்கப்பட்ட சதுப்புகளில் பீட் வெட்டுவதைத் தடுக்கத் தவறியதாக ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுத்தது. தண்டம் விதித்தால் அது நடு மாவட்டங்களின் சில நூறு குடும்பங்களை நோக்கி விரல் நீட்டும். அந்தக் குடும்பங்களுக்கு 15 ஆண்டில் 22,500 யூரோ கொடுக்க அரசு முன்வந்திருக்கிறது. அந்தப் பணத்தைத் தொடக்கத்திலேயே ஒரு தொகையாக, வீட்டுச் சீரமைப்பு மானியத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்தால், பெரும்பாலான வீடுகளின் காப்பும் பம்ப்பும் முடிந்திருக்கும். கரையை விட்டுக்கொடுக்க அதைவிட நல்ல காரணம் இருந்திருக்காது. சதுப்பைக் கவனிக்கும் தேசியப் பூங்காத் துறையின் கோப்பும் வீட்டைக் கவனிக்கும் எரிசக்தி ஆணையத்தின் கோப்பும் ஒரே மேசைக்கு வந்தால் இன்றும் செய்யலாம். நடுவில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது: டர்பரி உரிமை ஒருவர் பெயரில், வீடு மகன் பெயரில், நிலப் பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரில் என்று கிடக்கும் குடும்பங்கள் ஏராளம். உள்ளூர் வழக்கறிஞர்கள் சிலரை ஊதியத்துக்கு அமர்த்தி அந்தப் பத்திரங்களை நேர்செய்வதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.